படியில் உட்கார்ந்திருக்கும் மகள்

கேள்வி: பாலக்கோட்டை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கும் 39 வயது ஆசிரியை நான். சிறுவயதில் அப்பா எனக்குக் கிணற்றில் நீச்சல் கற்றுக்கொடுத்தார். அமெரிக்காவில் வேலை செய்யும் என் தம்பி, வெர்மான்ட் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் உள்ள ஏரிகளை நாளுக்கு ஒன்றாக நீந்திக் கடக்க அடுத்த கோடையில் என்னை அழைக்கிறான். செலவை அவனே ஏற்கிறான். கணவர் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மாமியார், இந்த வயதில் இதெல்லாம் எதற்கு, ஊர் சிரிக்கும் என்கிறார். இரண்டு வருடமாக விடியற்காலை ஐந்தரை மணிக்கு எங்கள் தோட்டத்து நாற்பது அடி அகலக் கிணற்றில் ஒரு மணி நேரம் விடாமல் நீந்துகிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணுவாள் (அவளுக்கு நீச்சல் வராது, படிப்புக்கே நேரம் சரியாக இருக்கிறது). என் ஆசை தவறா? வீட்டாரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஆசை தவறா என்ற கேள்விக்கு நான் இப்போது பதில் சொல்லப்போவதில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள்ளலாமா, விட்டுப்போன வீணையை மறுபடி எடுக்கலாமா, தோழிகளோடு இமயமலைக்குப் போகலாமா என்று இதே கேள்வி இந்தப் பகுதிக்குப் பல வடிவங்களில் வந்துகொண்டே இருக்கிறது. எழுதுகிறவர் பெரும்பாலும் மனத்துக்குள் முடிவெடுத்துவிட்டு, மூத்தவள் ஒருத்தி தலையசைத்தால் போதும் என்றுதான் எழுதுகிறார். உங்களுக்கும் தலையசைத்துவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போயிருப்பேன். ஆனால் அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி என்னை நகரவிடவில்லை. "அவளுக்கு நீச்சல் வராது."

இரண்டு வருடமாக, விடிந்தும் விடியாத நேரத்தில், பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியைக் கிணற்றுப் படியில் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறீர்கள். காவல் என்ற சொல்லை நீங்கள் பயன்படுத்தவில்லை என்பது உண்மைதான். சுற்றுகளை எண்ணுகிறாள், துண்டை வைத்திருக்கிறாள் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஒருநாள் தண்ணீருக்குள் உங்கள் கெண்டைக்கால் நரம்பு சுருட்டிக்கொண்டால், அல்லது மூச்சடைத்து நீங்கள் கையை மட்டும் மேலே நீட்டினால், அந்தப் பிள்ளை என்ன செய்வாள்? துண்டைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி அப்பாவை எழுப்புவாள் என்று நம்புகிறீர்களா? குதிப்பாள், அம்மா. பெற்றவள் கண்ணெதிரே மூழ்கும்போது படியில் உட்கார்ந்து யோசிக்கும் பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்னும் நம் இரண்டு மாவட்டங்களின் கிணறுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாறையை வெடி வைத்து உடைத்து இறக்கிய கிணறுகள் அவை. படிகள் பாதி தூரம் வந்து நின்றுவிடும், அதற்குக் கீழே பாசி பிடித்த செங்குத்துச் சுவர்தான். கிருஷ்ணகிரிப் பக்கம் கல் எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன குவாரிக் குழிகளும் மழைக்குப் பின் இதேபோல நிறைந்து நிற்கின்றன. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நாம் படிக்கும் செய்திகளில் பல ஒரே மாதிரி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்: ஒருவர் தவறி விழுகிறார், காப்பாற்றக் குதித்த இன்னொருவரும் சேர்ந்து போய்விடுகிறார்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது எங்கள் ஊரில் அப்படி ஒன்று நடந்தது. மாட்டைத் தண்ணீருக்கு ஓட்டி வந்த பையன் கால் வழுக்கி விழுந்தான். புல் அறுத்துக்கொண்டிருந்த அக்கா ஓடிவந்து குதித்தாள். இருவருக்குமே நீச்சல் தெரியாது. கிணற்று மேட்டில் அவள் இறக்கி வைத்த புல்கூடை சாயங்காலம் வரை அப்படியே இருந்தது, அதன் நடுவில் செருகிய கதிர் அரிவாளோடு. அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. மறுநாள் காலையில் என் அப்பா காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டைக் கயிற்றில் கோத்து என் முதுகில் கட்டி, இடுப்பில் இன்னொரு கயிற்றைக் கட்டி அதன் நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, நான் அழ அழ என்னைத் தண்ணீரில் இறக்கினார். ஒரு வாரம் கழித்து ஒரு குடுக்கையை எடுத்தார், பிறகு மற்றதையும் எடுத்தார். கயிற்றை மட்டும் அந்தக் கோடை முழுவதும் அவர் விடவில்லை.

உங்கள் அப்பாவும் ஏறக்குறைய அப்படித்தான் கற்றுக்கொடுத்திருப்பார். அவரும் உழைத்துக் களைத்தவர்தான், உங்களுக்கும் அப்போது படிப்பு இருந்தது. அவருக்குக் கிடைத்த நேரம் உங்களுக்கு எப்படிக் கிடைக்காமல் போனது? இரண்டு வருடத்தில் எழுநூறு விடியல்கள். அவற்றில் முப்பதை அவளுக்குக் கொடுத்திருந்தால் இந்நேரம் அவள் உங்களோடு நீந்திக்கொண்டிருப்பாள். படிப்புக்கு நேரமில்லை என்கிறீர்கள். படியில் உட்கார்ந்து உங்கள் சுற்றுகளை எண்ண அவளுக்குத் தினமும் ஒரு மணி நேரம் இருந்திருக்கிறதே! அந்த ஒரு மணி நேரம் அவளுடையது, அதை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பெற்றவர் தமக்குத் தெரிந்ததில் உயிர் காக்கும் ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது, வீட்டில் அரிசி இருக்கப் பிள்ளையைப் பட்டினி போடுவதற்குச் சமம் என்பது என் எண்ணம்.

இப்போது நீங்கள் போக விரும்பும் ஏரிகளுக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேயும் இதே கேள்விதான் காத்திருக்கிறது. அங்குள்ள வில்லோபி ஏரி, பிஸ்கா, ஹோர் என்னும் இரண்டு மலைகளுக்கு நடுவே, பனிப்பாறை குடைந்து சென்ற பள்ளத்தில் நிறைந்து கிடப்பது; ஆழம் முந்நூறு அடிக்கு மேல், நீளம் ஏறத்தாழ ஐந்து மைல். ஐந்து மைல் என்பது 26,400 அடி, அதாவது உங்கள் நாற்பது அடிக் கிணற்றை 660 முறை கடக்கும் தூரம். ஒவ்வொரு நாற்பது அடிக்கும் சுவரில் கை வைத்து மூச்சு வாங்கும் வசதி அங்கே கிடையாது. மெம்ஃப்ரிமேகாக் ஏரி அதைவிடப் பெரியது. அமெரிக்கக் கரையில் நியூபோர்ட் ஊரில் தொடங்கி, எல்லையைத் தாண்டிக் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மேகாக் ஊர் வரை நீள்வது. அதன் முழு நீளத்தையும் நீந்துகிறவர்கள் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போகிறார்கள்.

அந்தத் தூரத்தைவிட அங்குள்ள குளிர்தான் பெரிய சோதனை. அசைவற்ற காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை இழுத்துக்கொள்ளும். குளிர்ந்த நீரில் இறங்கிய முதல் இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சு நம் வசம் இருக்காது. பழகிய பிறகும், நேரம் போகப் போக இரத்தம் கை கால்களை விட்டு உள்ளுறுப்புகளுக்குத் திரும்புவதால் விரல்கள் விறைத்து விரிந்துகொள்ளும், கையால் நீரை இழுக்க முடியாது. உள்ளுடம்பின் சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் புத்தியும் மந்தப்படும். அந்த நிலையில் இருக்கும் நீச்சல்காரர் தாம் நன்றாகவே நீந்துவதாக நினைத்துக்கொள்வார் என்பதுதான் அதில் உள்ள ஆபத்து. கரையேறிய பிறகும் சிறிது நேரம் உடம்பின் சூடு இறங்கிக்கொண்டே போகும். ஆங்கிலக் கால்வாயை நீந்த விரும்புகிறவர்கள், முன்னதாக 16 டிகிரி அல்லது அதற்கும் குறைவான நீரில் ஆறு மணி நேரம் நீந்திக் காட்ட வேண்டும் என்ற விதி இதனால்தான் இருக்கிறது.

ஆகவேதான் இத்தகைய நீண்ட ஏரி நீச்சலில் நீந்துகிறவருக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு துடுப்புப் படகு வருகிறது. படகில் இருப்பவர் அரை மணிக்கு ஒருமுறை நூலில் கட்டிய பாட்டிலில் சத்துநீரை வீசிக் கொடுப்பார். நீந்துகிறவர் படகைத் தொடாமல் குடித்துவிட்டுப் போக வேண்டும். கை வீச்சு குறைகிறதா என்று நிமிடக் கணக்கில் எண்ணுவதும், பெயரையோ ஊரையோ கேட்டுப் பேச்சு குழறுகிறதா என்று பார்ப்பதும், போதும் என்று முடிவெடுத்துத் தண்ணீரிலிருந்து வெளியே எடுப்பதும் அவருடைய பொறுப்பு. 1954-இல் பதினாறு வயது மேரிலின் பெல், அதுவரை எவரும் நீந்திக் கடக்காத ஒன்டாரியோ ஏரியை ஏறத்தாழ இருபத்தொரு மணி நேரத்தில் கடந்தபோது, அவருடைய பயிற்சியாளர் கஸ் ரைடர் படகில் உடன் வந்து, கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிக் காட்டிக்கொண்டே இருந்தார். 2017-இல் வெர்மான்ட்டின் மேற்கு எல்லையான சாம்ப்ளேன் ஏரியில் சாரா தாமஸ் 168 கிலோமீட்டரை அறுபத்தேழு மணி நேரம் நீந்தினார். படகில் அவருக்காக முறை மாற்றி விழித்திருந்தவர்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. நம் ஒகேனக்கல் பரிசல் துறையிலேயே பாதுகாப்புச் சட்டை மாட்டாமல் பரிசலில் ஏற்ற மாட்டார்கள்.

அந்தப் படகுக்காரரின் வேலையைத்தான் உங்கள் மகள் இரண்டு வருடமாகப் பார்த்துவருகிறாள். அதற்கான பயிற்சியும் இல்லை, கையில் ஒரு கயிறுகூட இல்லை. வெர்மான்ட்டில் நீந்தத் தெரியாத ஒருவரைப் படகில் வைத்து உங்களோடு அனுப்பினால் தம்பியிடம் சண்டைக்குப் போவீர்கள் அல்லவா?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளைக் காலையிலிருந்து பயிற்சியை நிறுத்துங்கள். தோட்டத்து வண்டியில் கிடக்கும் நல்ல நைலான் கயிறு ஒன்றையும், காற்றடித்த பழைய லாரி டியூப் ஒன்றையும் கிணற்று மேட்டில் நிரந்தரமாகக் கட்டி வையுங்கள். யார் விழுந்தாலும் அதை வீச வேண்டும், கத்த வேண்டும், எக்காரணம் கொண்டும் குதிக்கக் கூடாது என்று மகளுக்கு இன்றே சொல்லிக்கொடுங்கள்; சொன்னால் மட்டும் போதாது, நான்கு முறை வீசிப் பார்க்கச் செய்யுங்கள். கணவரிடம் உங்கள் பயணத்தைப் பற்றிய பேச்சை இப்போதைக்கு எடுக்காதீர்கள். அவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது விடியற்காலையில் ஒரு மணி நேரம். மனைவி தண்ணீரிலும் மகள் படியிலும் இருக்கும் வேளையில் குடும்பத் தலைவர் போர்வைக்குள் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, இதை அவரிடமே படித்துக் காட்டுங்கள். கயிற்றின் நுனி அவர் கையில் இருக்கட்டும், நீங்கள் மகளோடு தண்ணீரில் இருங்கள்.

மாமியாரைப் பற்றி ஒரே வார்த்தை: ஊர் சிரிக்கும் என்று அவர் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம், ஆனால் கிணற்றில் பேத்தியையும் மருமகளையும் நினைத்து அவருக்குப் பயம் இருந்தால், அந்தப் பயம் நியாயமானது.

இந்தக் கோடை விடுமுறையில் அவள் சுரைக்குடுக்கையோ டியூபோ இல்லாமல் கிணற்றின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவரை முதல்முறையாகத் தொடும் நாளில் எனக்கு எழுதுங்கள். கடிதத்தை அவளே எழுதட்டும். வில்லோபி ஏரிக்குப் போகலாமா என்ற உங்கள் கேள்விக்கு அந்தக் கடிதம் வந்த வாரத்தில் பதில் எழுதுகிறேன்.