படம் பார்க்க டிவியோடு இணைத்த கணினியின் (மீடியா பிசி) மின் செலவைக் குறைப்பது எப்படி? புது மினி பிசி (கைக்கு அடக்கமான சின்ன கணினி) வாங்கியே ஆக வேண்டுமா?

வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் பழைய டெஸ்க்டாப்பை முதலில் ஒழுங்காகத் தூங்க, அதாவது வேலையில்லாதபோது ஸ்லீப் என்ற குறைந்த மின்சார நிலைக்குப் போக, பழக்குங்கள். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் வாங்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். படம் எதுவும் ஓடாமல் சும்மா நிற்கும்போது உங்கள் மெஷின் 50 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிராபிக்ஸ் கார்டு உள்ள பழைய டெஸ்க்டாப்புக்கு இது அதிகமே இல்லை. நாள் முழுக்க ஓடினால் 1.2 யூனிட், வருஷத்துக்கு 438 யூனிட். அதே மெஷின் தினமும் 4 மணி நேரம் மட்டும் விழித்திருந்து, மிச்ச 20 மணி நேரம் 2 வாட்டில் ஸ்லீப்பில் கிடந்தால் நாளைக்கு 240 வாட்-மணி, அதாவது கால் யூனிட்டுக்கும் குறைவு. வருஷத்துக்கு 88 யூனிட் கூட வராது. இப்போது 10 வாட் எடுக்கும் புது மினி பிசியை வாங்கி 24 மணி நேரமும் ஓடவிட்டால் எவ்வளவு ஆகும் என்று பாருங்கள்: அதே 88 யூனிட்தான். (படம் ஓடும்போது கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். கணக்கு எளிதாக இருக்க அதை விட்டுவிட்டேன்.)

தொடர்ந்து ஓடும் 1 வாட், வருஷத்துக்கு 8.76 யூனிட். இந்த ஒரு எண் மனசில் இருந்தால் எந்த மாற்றம் பிரயோஜனப்படும், எது வீண் வேலை என்பதை நீங்களே முடிவு செய்துவிடலாம். ஆனால் வாட்டை அளக்க மென்பொருளை நம்பாதீர்கள். அது காட்டுவது பெரும்பாலும் பிராசசரின் பங்கு மட்டும்தான். டிஸ்க், மதர்போர்டு, பவர் சப்ளையில் வீணாவது எதுவும் அதில் வராது. சுவர் பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று அவசியம்.

ஸ்லீப்பைப் பலர் போட்டுப் பார்த்துவிட்டு, சரிப்படவில்லை என்று அணைத்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, மெஷின் தூங்கவே மறுக்கும். விண்டோஸில் அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /ரிக்வெஸ்ட்ஸ்' (powercfg /requests) கட்டளையைக் கொடுத்தால் எந்த புரோகிராம் தடுக்கிறது என்று பெயரோடு சொல்லிவிடும். பல சமயம் அது திறந்தபடி விட்ட ஒரு பிரவுசர் டேபாக இருக்கும். இரண்டாவது, நடுராத்திரியில் தானாக விழித்துக்கொள்ளும். இதற்கு நெட்வொர்க் கார்டை முதலில் சந்தேகப்படுங்கள். அதன் பவர் அமைப்புகளில் 'மேஜிக் பாக்கெட் வந்தால் மட்டும் எழுப்பு' என்ற தேர்வு இருக்கும், அதை டிக் செய்தால் போதும். (மேஜிக் பாக்கெட் என்பது மெஷினை எழுப்பவே அனுப்பும் சின்ன நெட்வொர்க் செய்தி.) ரிமோட்டால் எழவில்லை என்றால் பயாஸில் (மெஷினை ஆன் செய்ததும் ஒரு விசையை அழுத்தித் திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) யூஎஸ்பி வழியாக எழுப்பும் வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மற்ற அறைகளுக்கும் இந்த மெஷினிலிருந்துதான் படம் போகிறது, அதனால் தூங்கவிட முடியாது என்பார்கள். மேஜிக் பாக்கெட் இருப்பதே இதற்காகத்தான். தூங்கும் கணினியிலும் நெட்வொர்க் கார்டு மட்டும் காதைத் திறந்து வைத்திருக்கும். அதன் மேக் முகவரியை (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள அடையாள எண்) 16 தடவை அடுக்கிய ஒரு சின்ன பாக்கெட் வந்ததும் மெஷினை எழுப்பிவிடும். இன்னொரு அறையில் படம் பார்க்க 'கோடி' (Kodi) என்ற மென்பொருள் வைத்திருந்தால், படத்தைத் தொட்டதும் சர்வரை, அதாவது படங்கள் இருக்கும் இந்த மெஷினை, எழுப்பும் வசதி அதன் பவர் அமைப்புகளிலேயே இருக்கிறது. சில நொடிகள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வைஃபையில் இது பல நேரம் கைவிடும், அதனால் சர்வருக்குக் கேபிள் போடுங்கள். டிவி நிகழ்ச்சி பதிவு செய்பவர்களுக்கும் வழி உண்டு. மதர்போர்டின் கடிகாரத்தில் நேரம் குறித்து வைத்தால் அது சொன்ன நேரத்துக்கு மெஷினை எழுப்பும். லினக்ஸில் 'ஆர்டிசிவேக்' (rtcwake) கட்டளை இதைத்தான் செய்கிறது.

ஒரு எச்சரிக்கை: பயாஸில் 'ஈஆர்பி' (ErP) என்று ஒரு அமைப்பு இருக்கும். முழுதாக அணைத்த நிலையில் இழுக்கும் மின்சாரத்தை அது இன்னும் குறைக்கும். ஆனால் அணைத்த மெஷினை நெட்வொர்க் வழியாக எழுப்பும் வழியையும் அடைத்துவிடும். மிச்சமாவது ஓரிரு வாட். எழுப்பும் வசதி தேவைப்பட்டால் அதைத் தொடாதீர்கள்.

அப்புறம், விழித்திருக்கும் நேரத்தின் செலவு. பிராசசரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் தனி கார்டைக் கழற்றிவிடுங்கள். விளையாட்டுக்கான கார்டுகள் பல, சும்மா இருக்கும்போதே 10 வாட் அளவுக்கு எடுக்கும். ஆனால் கழற்றுமுன் உங்கள் படங்கள் எந்த வடிவத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். எச்.265 என்ற சுருக்க வடிவத்தில் உள்ள 10 பிட் படங்களை ஹார்டுவேரிலேயே பிரித்துக் காட்ட இன்டெல் பிராசசரில் ஏழாம் தலைமுறையாவது வேண்டும். ஏவி1 என்ற இன்னும் புதிய வடிவம் என்றால் பதினோராம் தலைமுறை. அது இல்லாவிட்டால் அந்த வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழும், ஃபேன் இரையும், வாட் ஏறும். ஜெல்லிஃபின் போன்ற, மற்ற கருவிகளுக்குப் படம் அனுப்பும் சர்வர் மென்பொருள் வைத்திருப்பவர்கள் டிரான்ஸ்கோடிங் (படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றுவது) நடக்கிறதா என்று கவனியுங்கள். படம் பார்க்கும் கருவிக்கு அந்த வடிவம் புரிந்தால் சர்வர் கோப்பை அப்படியே அனுப்பிவிடும், பிராசசருக்கு வேலையே இல்லை. புரியாவிட்டால் படம் முடியும்வரை மாற்றி எழுதிக்கொண்டே இருக்கும்.

டிஸ்க் விஷயத்தில் எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சும்மா சுழல்வதற்கே 4 முதல் 6 வாட் வரை எடுக்கும். நின்றுவிட்டால் 1 வாட்டுக்கும் கீழே. அதனால் பழைய சின்ன டிஸ்குகள் நான்கை அடுக்கி வைப்பதைவிடப் பெரிய டிஸ்க் ஒன்று மேல். இயங்குதளத்தையும் படங்களின் போஸ்டர், தகவல் எல்லாவற்றையும் எஸ்எஸ்டியில் (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) வைத்தால், பட்டியலைப் புரட்டும்போது பெரிய டிஸ்க் விழிக்கவே வேண்டாம். அதற்காக 5 நிமிஷத்தில் நிறுத்தும்படி வைக்காதீர்கள். அடிக்கடி நின்று ஓடினால் டிஸ்க் தேயும். 20, 30 நிமிஷம் சரியாக இருக்கும்.

பவர் சப்ளையை மாற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 600 வாட் சப்ளையில் 30 வாட் மட்டும் இழுத்தால் அதன் திறன் மோசமாகத்தான் இருக்கும். ஆனால் நல்ல சப்ளைக்கு மாறினாலும் கிடைப்பது சில வாட்தான், அதுவும் விழித்திருக்கும் 4 மணி நேரத்துக்கு மட்டும். 5 வாட் மிச்சமானாலும் வருஷத்துக்கு 7 யூனிட் சொச்சம்.

இவ்வளவும் செய்தும் மெஷின் நாள் முழுக்க ஓடித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், அப்போது மினி பிசி வாங்குங்கள். லேப்டாப் வகை பிராசசரும் வெளியே தனி அடாப்டரும் உள்ளதாகப் பாருங்கள். சும்மா இருக்கும்போது எத்தனை வாட் என்பதை மீட்டர் வைத்து அளந்த விமர்சனத்தைத் தேடிப் படியுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 65 வாட், 90 வாட் எல்லாம் அடாப்டர் தரக்கூடிய உச்ச அளவு. மெஷின் உண்மையில் எவ்வளவு எடுக்கும் என்பதை அது காட்டாது.