செல்லுக்குத் தெரியும் மேடுபள்ளம்

கேள்வி: உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறேன். ஸ்டெம் செல் ஆராய்ச்சி என்றாலே இப்போது ‘நானோ’ என்று ஒட்டுப்போடுகிறார்கள். செல்லின் அளவோ இருபது மைக்ரான். அதற்குச் சில நானோமீட்டர் ஒரு பொருட்டா? இது வெறும் மோஸ்தர்தானே?
– ஒரு மாணவி, திருச்சி

பதில்: பாதி மோஸ்தர்தான். நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் நானோ என்று சேர்த்தால் எடை கூடும் என்ற நம்பிக்கை நான் ஆய்வுக்கூடத்தில் இருந்த காலத்திலேயே உண்டு. மீதிப் பாதியில் சரக்கு இருக்கிறது.

ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை வளர்ப்புத் தட்டில் இட்டதும், இளஞ்சிவப்புத் திரவத்தில் உருண்டையாகக் கிடக்கும். சில மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பாருங்கள்: அடியில் ஒட்டிக்கொண்டு, கை கால் நீட்டித் தட்டையாகப் பரந்திருக்கும். அந்த விளிம்புகளில் தரையைப் பற்றிக்கொள்வது இன்டெக்ரின் என்ற புரதம். ஒவ்வொன்றின் தலைப்பகுதியும் ஏறக்குறைய 10 நானோமீட்டர்; ஆயிரம் நானோமீட்டர் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரான். இருபது மைக்ரான் செல் தரையைத் தடவி அறிவது இந்தப் பத்து நானோமீட்டர் பிடிகளால்தான். பிடி எவ்வளவு நெருக்கமாகக் கிடைத்தது, தரை இளக்கமா இறுக்கமா என்ற சேதியெல்லாம் உள்ளிருக்கும் இழைகள் வழியாக உட்கரு வரை போகிறது. எந்த மரபணு விழிக்க வேண்டும் என்பதில் அதற்கும் பங்கு உண்டு.

2007இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மேத்யூ டால்பி குழுவினர் வெளியிட்ட சோதனையைத் தேடிப் படியுங்கள். பிளாஸ்டிக் தகட்டில் 120 நானோமீட்டர் அகலமும் 100 நானோமீட்டர் ஆழமுமாகக் குழிகளைப் பதித்தார்கள். சராசரி இடைவெளி 300 நானோமீட்டர். ஒரு தகட்டில் வரிசை கொஞ்சமும் பிசகவில்லை. இன்னொன்றில் ஒவ்வொரு குழியையும் 50 நானோமீட்டருக்குள் அங்குமிங்கும் நகர்த்திவிட்டார்கள், அவசரத்தில் வைத்த கோலப்புள்ளி மாதிரி. செல் அதேதான், திரவமும் அதேதான். எலும்பாக மாற்றுகிற மருந்து எதையும் சேர்க்கவில்லை. வரிசை பிசகிய தகட்டில் செல்கள் எலும்புக்குரிய புரதங்களைச் சுரந்தன; 28ஆம் நாளில் தாது படிந்த முடிச்சுகளே தெரிந்தன. ஒழுங்கான தகட்டில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது அதே குழுவினர் 2011இல் சொன்னது. அந்த ஒழுங்கான வரிசையில் வளர்ந்த செல்கள் எட்டு வாரம் வரை ஸ்டெம் செல்லாகவே நீடித்தன! சாதாரணத் தட்டில் நாளாக நாளாக அவை தம் இயல்பை இழந்துவிடும். செல் வளர்த்தவர்களைக் கேளுங்கள், பெருமூச்சு விடுவார்கள்.

கேள்வி: ஸ்வீடனில் நானோ பொருளால் மூச்சுக்குழாய் செய்து, ஸ்டெம் செல் பூசி, ஒருவருக்குப் பொருத்தியதாக 2011இல் பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு பேச்சே இல்லையே?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: பேச்சு நீதிமன்றம் வரை போயிற்று. ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையில் அந்த அறுவை சிகிச்சையைச் செய்தவர் பாவ்லோ மக்கியாரினி. குழாயை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நானோ கலவை பாலிமரால், அதாவது ஒருவகைப் பிளாஸ்டிக்கால், செய்தார்கள். நோயாளியின் மஜ்ஜைச் செல்களை அதன்மேல் ஒன்றரை நாள் ஊறவிட்டுத் தொண்டைக்குள் வைத்தார்கள்.

செல் ஒட்டுவதற்குத் தரை நன்றாக இருந்தால் மட்டும் திசு உருவாகிவிடாது. உயிருள்ள செல், ரத்த நுண்குழாயிலிருந்து ஒன்றிரண்டு நூறு மைக்ரானுக்கு மேல் விலகினால் ஆக்சிஜன் இல்லாமல் சாகும். பிளாஸ்டிக் குழாய்க்கு ஏது ரத்த ஓட்டம்? போதாக்குறைக்கு, மூச்சுக்குழாய் ஒவ்வொரு மூச்சிலும் வெளிக்காற்றையும் கிருமியையும் சந்திக்கிற இடம். உள்தோல் படியாத குழாயில் சளி தேங்கும், சீழ் பிடிக்கும், தைத்த இடம் விடும். விலங்குகளில் முறையாகச் சோதித்திருந்தால் இதெல்லாம் அங்கேயே தெரிந்திருக்கும். அந்தச் சோதனையைத்தான் தாண்டிக் குதித்தார்கள்.

முதல் நோயாளி 2014 ஜனவரியில் இறந்தார். அந்த மருத்துவமனையில் இப்படிக் குழாய் பெற்ற மூவருமே பிழைக்கவில்லை. உடன் பணியாற்றிய நான்கு மருத்துவர்கள் 2014இலேயே புகார் எழுதினார்கள். நிர்வாகம் முதலில் அவர்களை நம்பவில்லை. 2016இல் மக்கியாரினி வேலைநீக்கம் செய்யப்பட்டார். அந்த அறுவை சிகிச்சை பற்றித் தான் வெளியிட்ட கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் 2018இல் திரும்பப் பெற்றது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. 2011இல் முதல் பக்கத்தில் போட்டவர்கள் இதை எந்தப் பக்கத்தில் போட்டார்கள் என்று நீங்களே பழைய தாள்களைப் புரட்டிச் சொல்லுங்கள்.

கேள்வி: நம் சித்த மருத்துவத்துத் தங்க பஸ்பமும் நானோதானே?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: சில பஸ்பங்களில் நானோ அளவுத் துகள்கள் இருப்பது உண்மை. மண்ணெண்ணெய் விளக்கின் கரியிலும் இருக்கின்றன. துகளின் அளவு வேறு, நோய் தீருவது வேறு; இரண்டாவதைத் தனியாகத்தான் நிரூபிக்க வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. மூட்டுத் தேய்மானம். ‘நானோ ஸ்டெம் செல் ஊசி போட்டால் குருத்தெலும்பு புதிதாக வளரும்’ என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்கிறார்கள். லட்சங்களில் கேட்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: வைக்காதீர்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, அங்கீகரிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை என்பது குறிப்பிட்ட சில நோய்களுக்கான, ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல் மாற்றம் மட்டுமே. மற்றதெல்லாம் ஆய்வு என்றது அது. பிறகு 2022இல் முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு ஒரு ஸ்டெம் செல் ஊசி மருந்துக்கு அரசு அனுமதி கிடைத்தது; அனுமதி அந்த மருந்துக்குத்தான், ‘நானோ’ என்று ஒட்டுப்போட்ட எல்லா ஊசிக்கும் அல்ல. ஆய்வில் சேருகிற நோயாளியிடம் அதற்காகக் காசு வாங்கக் கூடாது. ஆகவே அங்கே போய், இது அரசு அனுமதி பெற்ற மருந்தா என்று கேளுங்கள். இல்லையென்றால் இன்னும் ஒரே ஒரு கேள்வி: “இந்தச் சிகிச்சையின் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன?” மருத்துவ ஆய்வுகளைப் பதியும் அந்த அரசுப் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம். எண் தந்தால், அதில் உங்கள் மருத்துவமனையின் பெயரும் முழங்கால் மூட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணுக்குப் பதில் காபி வந்தால், குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

அப்பாவை அரசு மருத்துவக் கல்லூரி எலும்புப் பிரிவில் காட்டுங்கள். தொடைத் தசைக்கான பயிற்சி, உடல் எடைக் குறைப்பு, கடைசியாகத் தேவைப்பட்டால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்று அவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். பழைய எக்ஸ்ரே படங்களை மறக்காமல் எடுத்துப் போங்கள்.