கணினிக் கேள்வி பதில்: கோழிக் கொட்டகைக்கு ஒரு சர்வர்

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. எங்களுக்குக் கறிக்கோழிப் பண்ணை. கொட்டகைச் சூட்டை அளந்து வைஃபையில் அனுப்பும் கருவிகளை மாட்டி, வீட்டு உபுண்டு கணினியில் பைத்தான் சர்வர் ஒன்று எழுதினேன். நன்றாக ஓடியது. நிரலை இரண்டு ஃபைலாகப் பிரித்ததில் இருந்து, சாக்கெட் மாட்யூலில் (நெட்வொர்க்கில் பேச உதவும் பைத்தான் நூலகப் பகுதி) சாக்கெட்டே இல்லை என்று பிழை வருகிறது. பைத்தானை மறுபடி நிறுவியும் அதேதான். முன்பு சில நேரம் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்றும் வந்தது. நிரலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
- வாசகர், பல்லடம்

பதில்: தம்பி, பைத்தான் மேல் ஒரு குறையும் இல்லை. பிரித்தெடுத்த ஃபைலுக்கு சாக்கெட்.பை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், அதுதான் வினை. 'இம்போர்ட் சாக்கெட்' என்றதும் பைத்தான், ஓடும் நிரல் இருக்கும் ஃபோல்டரில்தான் முதலில் தேடும். தன்னோடு வந்த நூலகத்துக்கு அப்புறம்தான் போகும். உங்கள் ஃபைல் கையில் கிடைத்ததும் அதையே எடுத்துக்கொண்டது. பிழையின் கடைசி வரியில் 'பார்ஷியலி இனிஷியலைஸ்டு' என்று இருக்கிறதே, அதற்கு இதுதான் அர்த்தம்: பாதி படித்த நிலையில் அந்த ஃபைல் தன்னையே இம்போர்ட் செய்கிறது. 3.13 பதிப்பாக இருந்தால், பெயரை மாற்றச் சொல்லி அதுவே யோசனை தரும்.

இம்போர்ட் வரிக்கு அடுத்து சாக்கெட்.__ஃபைல்__ என்பதை பிரிண்ட் செய்து பாருங்கள். உங்கள் ஃபோல்டரின் பாதை வந்தால் சந்தேகமே வேண்டாம். கியூ, ஈமெயில், எச்டிடிபி என்ற பெயர்களையும் தவிருங்கள். நீங்கள் அவற்றை இம்போர்ட் செய்யாவிட்டாலும் நீங்கள் பயன்படுத்தும் வேறு நூலகம் செய்யும். புதுப் பெயரில் ஹைஃபன் வேண்டாம், அடிக்கோடு போடுங்கள்.

இரண்டாவது பிழை: கன்ட்ரோல் இசட் அடித்தால் சர்வர் நிற்காது. உறங்கியபடி போர்ட்டை, அதாவது இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் வாசல் எண்ணை, பிடித்துக்கொண்டிருக்கும். கன்ட்ரோல் சி அடியுங்கள். எஸ்எஸ் (ss) கட்டளையை -எல்டிஎன்பி (-ltnp) சேர்த்துப் போட்டால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும். யாருமே இல்லாமலும் பிழை வந்தால், மூடிய இணைப்பை லினக்ஸ் 60 விநாடி நினைவில் வைத்திருப்பதுதான் காரணம். பைண்ட் செய்வதற்கு (போர்ட்டைப் பிடிப்பதற்கு) முன்பே ரீயூஸ் அட்ரஸ் ஆப்ஷனைப் போட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு முறை 'ரிசீவ்' செய்தால் ஒரு அளவு வரும் என்று நம்பி எழுதியிருக்கிறீர்கள். கருவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான டிசிபியில் அந்த உறுதி கிடையாது. அது இடைவிடாத ஓட்டம், எங்கே முடிகிறது என்று அது சொல்லாது. 31.8, 32.1 என்று கருவி அனுப்பியது 31.832.1 என்று ஒட்டியும் வரலாம், 31. ஒருமுறையும் 8 அடுத்த முறையும் வரலாம். ஒவ்வொரு அளவின் முடிவிலும் ஒரு புதுவரிக் குறியை அனுப்புங்கள். வந்ததைச் சேர்த்து வைத்து, அந்தக் குறி வரை வெட்டி எடுங்கள். வெற்று பைட் வந்தால் எதிர்முனை மூடிவிட்டது, லூப்பை விட்டு வெளியே வாருங்கள்.

கொட்டகையில் கரண்ட் போனால் அந்த வெற்று பைட்கூட வராது. சர்வர் காத்துக்கொண்டே இருக்கும், திரையில் பழைய சூடே நிற்கும். சித்திரை வெயிலில், பிடிக்கும் எடைக்கு வந்த கோழிகள் இருக்கும்போது ஃபேன் நின்றது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். செட்டைம்அவுட் (காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு) போட்டு, ஒரு நிமிடம் அளவு வராவிட்டால் செல்போனில் மணி அடிக்கிற மாதிரி செய்யுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள்.

கேள்வி: மஞ்சள் மண்டியில் மின்னணுத் தராசைக் கணினியோடு இணைக்கிறேன். 'பிப் இன்ஸ்டால் சீரியல்' போட்டேன். இம்போர்ட் ஆகிறது, ஆனால் உள்ளே சீரியல் இல்லை என்கிறது.
- வாசகர், ஈரோடு

பதில்: உங்களுக்கு வேண்டியது பைசீரியல், சீரியல் போர்ட் வழியே கருவிகளோடு பேசும் பேக்கேஜ். இம்போர்ட் செய்யும்போதுதான் அதன் பெயர் சீரியல். நீங்கள் போட்டது சம்பந்தமே இல்லாத வேறு பேக்கேஜ். அதை முதலில் நீக்கிவிட்டு பைசீரியலை நிறுவுங்கள். நிரலை ஓட்டும் அதே பைத்தானைக் கொண்டு, 'பைத்தான்3 -எம் பிப்' என்று தொடங்கியே நிறுவுங்கள்.