வெளிநாட்டில் வீல்சேர் ஏறும் வண்டி: டிக்கெட் போடுவதற்கு முன்பே தேடுங்கள்

கேள்வி: என் கணவருக்குத் தண்டுவடத்தில் அடிபட்டதிலிருந்து பேட்டரி வீல்சேர்தான். அடிக்கடி தூக்கி வேறு இருக்கைக்கு மாற்ற எங்களால் முடியாது. குடும்பத்தோடு வெளிநாடு போய்வர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. விமானத்தில் ஏற்றி இறக்க ஆட்கள் உண்டு என்கிறார்கள். ஆனால் இறங்கிய பிறகு? ஹோட்டலுக்குப் போகவும் ஊர் சுற்றவும் நாற்காலியோடு ஏறக்கூடிய வண்டியை எப்படித் தேடுவது? டிராவல் ஏஜென்ட்டைக் கேட்டால், "அங்கே எல்லா வசதியும் இருக்கும்" என்கிறார்.

பதில்: அந்தப் பதிலை நம்பி மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள். பொதுவாக டிக்கெட், ஹோட்டல், பார்க்க வேண்டிய இடங்கள் என்று முடிவு செய்துவிட்டுக் கடைசியில்தான் வண்டி தேடுவார்கள். உங்களுக்கு அது சரிப்படாது. முதலில் நாற்காலியின் அளவு, அடுத்து அந்த ஊரில் என்னென்ன ஓடுகிறது, அதற்கேற்ற இடத்தில் ஹோட்டல், கடைசியாக விமானம். இந்த வரிசையில் போனால் பாதிப் பிரச்சினை வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

ஒரு டேப்பை எடுத்து நாற்காலியின் அகலம், கால்மிதி உட்பட மொத்த நீளம், அவரையும் சேர்த்த எடை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் பஸ்களும் ஐரோப்பிய ரயில்களும் 70 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளமுள்ள நாற்காலியைக் கணக்கில் வைத்தே இடம் ஒதுக்குகின்றன. அமெரிக்கப் பஸ்களில் ஏறத்தாழ 76 செ.மீ., 122 செ.மீ. வரை இடம் கிடைக்கும். அங்குள்ள லிஃப்ட்டுகள் 272 கிலோ தாங்க வேண்டும் என்பது விதி. இவை தவிர, பலரும் எடுக்காமல் விட்டுவிடும் அளவு ஒன்று உண்டு. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து உச்சந்தலை வரை எவ்வளவு உயரம்? பேட்டரி நாற்காலியில் இருக்கை மேடாக இருப்பதால் இது எளிதில் 140 செ.மீ. தாண்டிவிடும். வேனுக்குள்ளே இடம் தாராளமாக இருக்கும், சாய்தளமும் சரியாக இருக்கும், ஆனால் கதவின் மேல்விளிம்பு நெற்றியில் இடிக்கும். அப்போது அவர் கழுத்தை வளைத்துக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். தண்டுவடக் காயம் உள்ளவரை அப்படிக் குனிய வைக்கவே கூடாது.

இப்போது ஊருக்கு வருவோம். என் அனுபவத்தில் பேட்டரி நாற்காலிக்காரர்களுக்கு மெட்ரோவைவிடப் பஸ்தான் பெரும்பாலான நகரங்களில் உத்தமம். பஸ்ஸின் சாய்தளம் பஸ்ஸோடு வருகிறது. மெட்ரோவிலோ ஏறும் ஸ்டேஷன், மாறும் ஸ்டேஷன், இறங்கும் ஸ்டேஷன் என எல்லா இடத்திலும் லிஃப்ட் வேலை செய்தாக வேண்டும். லண்டனில் பஸ்கள் அனைத்திலும் வீல்சேர் ஏறும். பாதாள ரயில் நிலையங்களிலோ சுமார் மூன்றில் ஒன்றில்தான் படியேறாமல் போக முடியும். நியூயார்க்கிலும் ஏறக்குறைய இதே கதைதான். பாரிஸ் நகருக்குள் ஓடும் மெட்ரோவில் முழுமையாக வீல்சேரில் போகக்கூடிய பாதை 14-ஆம் எண் மட்டுமே. ஆனால் நகருக்குள் பஸ்ஸில் போகலாம். விதிவிலக்கான ஊர்களும் உண்டு. சிங்கப்பூரில் எல்லா மெட்ரோ நிலையங்களுக்கும் படியில்லாத வழி இருக்கிறது, பொதுப் பஸ்கள் அனைத்திலும் ஏறலாம். முதல் வெளிநாட்டுப் பயணம் என்றால் நான் தயங்காமல் சொல்லும் ஊர் அதுதான்.

லண்டன் ரயில் வரைபடத்தில் வீல்சேர் குறி இரண்டு நிறத்தில் இருக்கும். நீலம் என்றால் தெருவிலிருந்து ரயிலுக்குள் வரை படியில்லை. வெள்ளை என்றால் பிளாட்பாரம் வரைதான். அதற்கு மேல் ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் இடைவெளியோ உயர வித்தியாசமோ இருக்கலாம். எந்த ஊரானாலும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூகுள் மேப்பிலும் பொதுப் போக்குவரத்து வழி தேடும்போது வீல்சேர் வசதியுள்ள பாதையை மட்டும் காட்டச் சொல்லலாம். ஆனால் இன்று காலை பழுதான லிஃப்ட் அதில் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிளம்புவதற்கு முன் அந்தந்த மெட்ரோ நிறுவனத்தின் தளத்தையே பாருங்கள். இத்தனையும் பார்த்த பிறகு, ஹோட்டலை நல்ல பஸ் ஓடும் சாலையிலோ லிஃப்ட் உள்ள நிலையத்தின் பக்கத்திலோ பிடியுங்கள். அறை கொஞ்சம் சிறியதானாலும் பரவாயில்லை.

நகரம் விட்டு நகரம் ரயிலில் போவதானால் உதவி கேட்டு முன்பதிவு செய்யுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக 24 மணி நேரத்துக்கு முன்பும், பிரிட்டனில் 2 மணி நேரத்துக்கு முன்பும் சொல்ல வேண்டும். ஜப்பானில் டிக்கெட் வாயிலில் இருக்கும் ஊழியரிடம் சொன்னால், அவர் சாய்தளப் பலகையோடு வந்து ஏற்றிவிட்டு, இறங்கும் நிலையத்துக்கும் தகவல் சொல்லிவிடுவார்.

டாக்ஸிக்கு ஊருக்கு ஊர் நடைமுறை மாறும். லண்டனின் கறுப்பு டாக்ஸிகள் அனைத்திலும் சாய்தளம் உண்டு. வீல்சேருக்கென்று கூடுதல் பணம் கேட்பது பிரிட்டனில் சட்டப்படி குற்றம். ஆனாலும் பெரிய பேட்டரி நாற்காலிகள் சில அதற்குள் திரும்ப முடியாமல் சிக்கிக்கொள்ளும். நியூயார்க்கில் வீல்சேர் ஏறும் மஞ்சள் டாக்ஸியை வழக்கமான மீட்டர் கட்டணத்திலேயே அழைக்கலாம். ஊபரில் இந்த வகை வண்டி சில நகரங்களில் மட்டும்தான். செயலியில் தெரிவதாலேயே வண்டி உடனே வந்துவிடாது. அமெரிக்காவில் இன்னொரு வழியும் இருக்கிறது, அங்கே போகிறவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. பஸ்ஸில் போக முடியாத மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ளூர்ப் போக்குவரத்து நிறுவனங்கள் வீட்டு வாசலுக்கே வேன் அனுப்பும் சேவை நடத்துகின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும் ஓர் ஆண்டில் 21 நாள்வரை அதைத் தர வேண்டும் என்பது அங்கே கூட்டாட்சி விதி. கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே மின்னஞ்சல் அனுப்பிப் பதிந்துகொள்ளுங்கள்.

விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கும், திரும்பி வரும் நாளுக்கும் மட்டும் தனி வேனை முன்பதிவு செய்துவிடுங்கள். செலவு கூடத்தான், ஆனால் களைப்பும் பெட்டிகளும் சேர்ந்த அந்த இரண்டு நாளில் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம். வேன் நிறுவனத்துக்கு எழுதும்போது "வீல்சேர் வசதி உண்டா?" என்று கேட்காதீர்கள், உண்டு என்றுதான் பதில் வரும். மடக்கி டிக்கியில் போடலாம் என்பதைக்கூடச் சிலர் வசதி என்பார்கள். இப்படி எழுதுங்கள்: "பயணி நாற்காலியிலேயே உட்கார்ந்து வருவார், இறங்கி மாற மாட்டார். பேட்டரி நாற்காலி, மடக்க முடியாது. அகலம், நீளம், எடை, தலைவரை உயரம் இவ்வளவு. உங்கள் வண்டிக் கதவின் உயரம் என்ன? சாய்தளமா, லிஃப்ட்டா? எத்தனை கிலோ தாங்கும்? பின்பக்கம் ஏறுவதா, பக்கவாட்டிலா? கதவு திறந்த நிலையில் படம் அனுப்புங்கள்." படம் அனுப்ப மறுக்கும் நிறுவனத்தை விட்டுவிடுங்கள்.

வண்டிக்குள் ஏறியதும் ஒன்றைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். நாற்காலியைத் தரையோடு பிணைக்க முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பட்டைகள் வேண்டும். அவை நாற்காலியின் உறுதியான சட்டத்தில் மாட்டப்பட வேண்டும். சக்கரத்திலோ கழற்றக்கூடிய கால்மிதியிலோ அல்ல. அதோடு உங்கள் கணவருக்குத் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் தனி பெல்ட் போட வேண்டும். நாற்காலியில் ஏற்கெனவே உள்ள இடுப்புப் பட்டை உட்காரும் நிலைக்கானது, விபத்தில் காப்பாற்றாது. டிரைவர் அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள்.

சிறிய ஊர்களில் இப்படிப்பட்ட டாக்ஸியே இல்லாமல் போகலாம். அப்போது நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் தனியார் வேன் நிறுவனங்களைக் கேளுங்கள். பல இடங்களில் அவர்கள் சுற்றுலாப் பயணிகளையும் ஏற்றுகிறார்கள். அந்த ஊர் மாற்றுத்திறனாளிகள் அமைப்புக்கும் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். நான் பார்த்தவரையில், எந்த டிரைவர் நம்பகமானவர் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த ஏஜென்ட்டுக்கும் தெரியாது.

விமானம் பற்றிச் சுருக்கமாக. பேட்டரியின் வகையையும், லித்தியம் என்றால் அதன் வாட்-ஹவர் அளவையும் (எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்பதையும்) முன்கூட்டியே விமான நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். போயிங் 737 போன்ற சிறிய விமானங்களில் சரக்குக் கதவின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. நாற்காலியின் முதுகு மடங்காவிட்டால் பெரிய விமானமாகப் பார்த்துப் போடுங்கள். இறங்கும்போது நாற்காலியை விமானத்தின் வாசலுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லாரும் இறங்கிய பிறகுதான் உங்களை இறக்குவார்கள். அதற்குப் பிறகு நாற்காலி மேலே வர வேண்டும், குடியுரிமைச் சோதனை முடிய வேண்டும். ஆகவே வேனுக்குக் கொடுக்கும் நேரம் விமானம் தரையிறங்கும் நேரமாக இருக்க வேண்டாம். இரண்டு மணி நேரம் தள்ளிச் சொல்லுங்கள், விமான எண்ணையும் கொடுங்கள், காத்திருப்புக் கட்டணம் எப்போதிலிருந்து தொடங்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.