கேள்வி-பதில்: கண் சிவந்தால் கோபம் தெரிந்துவிடுமா?

கேள்வி: மூன்று ஆண்டுகளாகச் சிறுகதை எழுதி வருகிறேன். 'வினைச்சொற்கள் துடிப்பாக இருக்க வேண்டும், பாத்திரங்களின் முகபாவத்தை எழுத வேண்டும்' என்று எழுத்துப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சொன்னார்கள். அதைப் பின்பற்றி எழுதி உங்கள் இதழுக்கு அனுப்பிய கதை, 'வருணனை படியவில்லை' என்ற ஒருவரிக் குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. வினையும் முகபாவமும் நிறைந்திருக்கும் கதையில் வேறென்ன குறை கண்டீர்கள்?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்.

பதில்: ஒருவரிக் குறிப்பு உங்கள் உழைப்புக்குப் போதாது. ஆகவே கதையை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

மகளின் நகையை மருமகன் அடகு வைத்துவிட்டான் என்பது மாமனாருக்குத் தெரியவரும் இடத்தில், 'கடும் கோபம் கொண்ட அவர் கண்கள் சிவக்க, நெற்றி நரம்புகள் புடைக்க, பற்களை நறநறவென்று கடித்தபடி ஆவேசமாகச் சீறினார்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே வாக்கியத்தில் கோபத்தை ஆறு முறை சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அந்த மாமனாரை என்னால் ஒருமுறைகூடப் பார்க்க முடியவில்லை. கண் சிவப்பதும் நரம்பு புடைப்பதும் எவருடைய கோபத்துக்கும் பொருந்தும் என்பதால், அவை இவருடைய கோபத்தைக் காட்டவில்லை. இத்தனைக்கும் அவர் அப்போது இலையின் முன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று முந்தைய பத்தியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சோற்றில் கை வைத்திருக்கும் மனிதர் அந்தச் செய்தியைக் கேட்டதும் அந்தக் கை என்ன செய்தது? பிசைந்த சோற்றையே திரும்பத் திரும்பப் பிசைந்ததா? உருட்டிய கவளம் வாய்க்குப் போகாமல் இலையிலேயே கிடந்ததா? மோர் ஊற்ற வந்த மனைவியை ஏறிட்டும் பாராமல், பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டு எழுந்தாரா? இவற்றில் எதை எழுதியிருந்தாலும் அவர் கோபக்காரர் என்பதோடு, எப்படிப்பட்ட கோபக்காரர் என்பதும் தெரிந்திருக்கும்.

பிசைவது, உருட்டுவது, மடிப்பது ஆகிய மூன்றும் நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் வினைகள். துடிப்பான வினைச்சொல் என்று உங்களுக்குச் சொல்லப்பட்டதை, உரத்த வினைச்சொல் என்று நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள் என்பதே என் முதல் குற்றச்சாட்டு. வினைக்கு உயிர் கொடுப்பது அதன் துல்லியம். 'சாப்பிட்டான்' என்பதற்கு முன்னால் 'அவசரமாக' என்றோ 'விருப்பமில்லாமல்' என்றோ ஒட்டுப்போட வேண்டிய தேவை தமிழில் எழுதுபவருக்கு அநேகமாக வருவதில்லை. கொறித்தான், மென்றான், குதப்பினான், விழுங்கினான், உறிஞ்சினான், அள்ளிப் போட்டுக்கொண்டான் என்று ஒவ்வொன்றிலும் பசியும் பல்லும் நேரமும் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன. துணைவினைகளையும் கவனியுங்கள். 'அழுதாள்' என்பது ஒரு செய்தி. 'அழுதுவிட்டாள்' என்றால் அடக்கப் பார்த்து முடியாமல் போனது தெரிகிறது. 'அழுது தீர்த்தாள்' என்றால் வெகுநாள் தேக்கம் தெரிகிறது. இவ்வளவு நுட்பத்தை மொழியே கையில் கொடுத்திருக்கும்போது, 'மிகவும்', 'பயங்கரமாக' போன்ற சொற்களை நம்பி எழுதுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

உரையாடல்களில் நிலைமை இன்னும் மோசம். உங்கள் கதையில் யாரும் எதையும் 'சொல்வதில்லை'. உறுமுகிறார்கள், கர்ஜிக்கிறார்கள், முனகுகிறார்கள், கூவுகிறார்கள். 'சொன்னான்' என்ற சொல் வாசகரின் கண்ணில் தங்காமல் நழுவிப் போவதால்தான் அது அங்கே பயன்படுகிறது. அதை மாற்றாமல் அப்படியே இருக்க விடுங்கள்.

இனி முகத்துக்கு வருகிறேன். 'அவள் முகத்தில் சோகமான பாவனை வெளிப்பட்டது' என்று எழுதுகிறீர்கள். தமிழில் முகம் தானாகவே எத்தனை வினைகளைச் செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: மலர்கிறது, வாடுகிறது, சுண்டிப்போகிறது, கறுக்கிறது, வெளிறுகிறது, இறுகுகிறது, கோணுகிறது, தொங்கிப்போகிறது. முகத்தைச் சுளிக்கிறோம், திருப்பிக்கொள்கிறோம், தூக்கி வைத்துக்கொள்கிறோம். பிடிக்காதவருக்கு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. இவற்றுள் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட முடியாது. ஏமாந்தவருக்கு முகம் சுண்டும், அவமானப்பட்டவருக்குக் கறுக்கும், பயந்தவருக்கு வெளிறும். 'பாவனை வெளிப்பட்டது' என்று எழுதும்போது இந்த வேறுபாடுகள் அத்தனையும் அழிந்துவிடுகின்றன.

உங்கள் பாத்திரங்கள் நான்கு இடங்களில் தோளைக் குலுக்குகிறார்கள். வத்தலக்குண்டு பக்கத்துக் கிராமத்தில் நடக்கும் கதையில் அறுபது வயது விவசாயி தோளைக் குலுக்கி நான் பார்த்ததில்லை. 'எனக்கென்ன தெரியும்' என்பதற்கு அவர் உதட்டைப் பிதுக்குவார், அல்லது இரண்டு கைகளையும் விரிப்பார். வியப்புக்கு மூக்கில் விரல் வைப்பதும், தவறிப் பேசியதற்கு நாக்கைக் கடித்துக்கொள்வதும், பிடிக்காதவரைக் கண்டால் மோவாயைத் தோளில் இடித்துக்கொள்வதும், இரக்கத்துக்கு உச்சுக்கொட்டுவதும் அந்த ஊரில் இருக்கின்றன. நீங்கள் அங்கேயே வாழ்கிறவர். இவற்றை என்னைவிட நன்றாக அறிவீர்கள். மொழிபெயர்ப்பு நாவல்களிலிருந்து கடன் வாங்கிய சைகைகளை அந்த மனிதர்கள்மீது ஏன் ஏற்ற வேண்டும்?

உணர்ச்சி உடலில் புலப்படுவதைப் பற்றித் தொல்காப்பியம் ஓர் இயலே வகுத்திருக்கிறது. பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டும் எண்ணப்படுவதைப் பலரும் அறிவோம். எழுதுபவர்கள் அதற்கு அப்பாலும் படிக்க வேண்டும் என்பேன். காதலில் விழுந்த பெண்ணின் நிலையைச் சொல்லும் நூற்பாக்களில் பெரும்பாலும் செயல்களே வரிசையாக வருகின்றன. நெற்றி வியர்க்கிறது, கூந்தலை விரிக்கிறாள், ஒரு காதணியைக் கழற்றுகிறாள், அணிகளைத் தடவிக்கொள்கிறாள், உடையைப் பெயர்த்து உடுத்துகிறாள். அந்த வரிசையில் 'நகுநயம் மறைத்தல்' என்ற ஒன்று இருக்கிறது. சிரிப்பை மறைத்தல்! சிரிக்கும் முகத்தைவிடச் சிரிப்பை மறைக்கும் முகத்தில் அதிகம் நடக்கிறது என்று கண்ட கண் அது. உங்கள் கதையில் ஒவ்வொருவரும் உணர்ந்ததை உடனே முகத்தில் எழுதிக் காட்டிவிடுகிறார்கள். கடனையும் நோயையும் காதலையும் வீட்டாரிடமிருந்தே மறைத்து வாழும் மனிதர்களைப் பற்றிய கதையில் இது பொருந்தவில்லை.

'யான்நோக்கும் காலை நிலன்நோக்கும் நோக்காக்கால் தான்நோக்கி மெல்ல நகும்' என்ற குறளில் உள்ள வினைகள் நோக்குவதும் நகுவதும் மட்டுமே. 'நாணத்துடன்' என்ற சொல் அதில் இல்லை. காதலி எப்போது நிலத்தைப் பார்க்கிறாள், எப்போது காதலனைப் பார்க்கிறாள் என்ற வரிசையே நாணத்தைக் காட்டிவிடுகிறது.

கதையைத் திருத்தி அனுப்புங்கள். உணர்ச்சியின் பெயரும் அதன் அடையாளமும் அடுத்தடுத்து நிற்கும் இடங்களில் பெயரை அடித்துவிட்டு, எஞ்சிய அடையாளம் அந்த மனிதருக்கு மட்டுமே உரியதா என்று பாருங்கள். ஏழாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் தொட வேண்டாம். அடகுச் செய்தி வந்து வீடே அல்லோலப்படும்போது, 'பாட்டி வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடியே, எந்தக் கடையில என்று கேட்டாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் முகத்தைப் பற்றி ஒரு சொல்கூட நீங்கள் எழுதவில்லை. ஆனால் முன்பு ஒருமுறை இதே வீட்டில் நகை அடகுக்குப் போயிருக்கிறது என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.