மாற்றியும் போகாத மினிவேன் கோளாறுகள்: கேள்வி பதில்

ஒர்க்‌ஷாப்பில் மினிவேன்களுக்கு அடியில் படுத்தே பாதி வயதைக் கழித்தவன் நான். இப்போது வீட்டிலும் ஏழு பேர் உட்காரும் ஒரு பழைய வேனை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறேன். வந்திருக்கும் கேள்விகளைப் படித்தால் பெரும்பாலும் ஒரே புலம்பல்தான்: "மாற்றினோம், மறுபடியும் வந்துவிட்டது." அப்படியானால் மாற்றிய பாகம் நோயாளி, நோய் வேறெங்கோ இருக்கிறது. பதில்களை அந்தக் கோணத்தில்தான் சொல்லப்போகிறேன். முன்சக்கரம் இழுக்கும், ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பெட்ரோல் வேன்களை மனதில் வைத்துப் படியுங்கள்.

அண்ணா, 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது வண்டி இரண்டு நொடி நடுங்குகிறது. வரிவரியாகப் போட்ட வேகத்தடை மேல் ஏறியதுபோல் இருக்கிறது. டயர் பேலன்ஸ் இரண்டு முறை செய்தாயிற்று. கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். டயர் பேலன்ஸ் கோளாறு என்றால் அந்த வேகத்தில் இருக்கும் வரை நடுக்கமும் இருந்துகொண்டே இருக்கும். வந்து இரண்டு நொடியில் போகிறது, அதுவும் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்திருக்கும்போது வருகிறது என்றால் என் சந்தேகம் டார்க் கன்வெர்ட்டர் மேல்தான்; என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம் அது. அதற்குள் லாக்-அப் கிளட்ச் என்று ஒன்று உண்டு. சீரான வேகம் வந்ததும் அது என்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டிவிடும். கியர் ஆயில் கெட்டுப்போயிருந்தால் அந்தக் கிளட்ச் ஒழுங்காகப் பிடிக்காமல் விட்டுவிட்டுப் பிடிக்கும். நீங்கள் உணர்வது அதைத்தான்.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. வெறிச்சோடிய நேரான சாலையில், நடுக்கம் வரும்போது ஆக்ஸிலரேட்டரை எடுக்காமல் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பிரேக் ஸ்விட்ச் வேலை செய்ததும் லாக்-அப் விடுபடும். நடுக்கம் அந்த நொடியே நின்றால் ஆள் அகப்பட்டான். நிற்காமல், ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது இன்னும் மோசமானால் அது என்ஜின் மிஸ்ஃபயராக, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் ஒழுங்காக எரியாததாக இருக்கலாம்; கீழே தனியாகச் சொல்கிறேன்.

லாக்-அப்தான் என்று தெரிந்தால் முதலில் ஆயிலை மாற்றுங்கள். வண்டியின் கையேட்டில் எந்த ரக ஆயில் போட்டிருக்கிறதோ அதே ரகம். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று எழுதியிருப்பதை ஊற்றி நடுக்கத்தை விலை கொடுத்து வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்ற பேச்சையும் நான் நம்புவதில்லை. ஏழு பேர், டிக்கி நிறைய மூட்டை, மேலே ஒரு பெட்டி என்று ஏற்றிக்கொண்டு மலை ஏறும் வண்டியில் கியர் ஆயில் படும் சூடு வேறு. சூடு ஏற ஏற அதன் ஆயுள் மளமளவென்று குறையும்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். மூன்று வாரம் அருமையாக ஓடியது. மறுபடி லேசாக ஆரம்பித்துவிட்டதே?

ஒரே ஒரு தடவை வடித்தீர்கள், சரியா? அடியிலுள்ள பிளக்கைக் கழற்றினால் பாதிக்கும் குறைவான ஆயில்தான் வெளியே வரும். மீதி கன்வெர்ட்டருக்குள்ளும் கூலர் குழாய்களிலும் நின்றுவிடும். ஒரு முறைக்கு 40 சதவீதம் மாறுகிறது என்று வையுங்கள். வடித்து, நிரப்பி, சில நாள் ஓட்டி, இப்படி மூன்று முறை செய்தால் 78 சதவீதம் புதிது ஆகிவிடும். மூன்று வாரம் நன்றாக இருந்ததே நல்ல அறிகுறி; இன்னும் இரண்டு முறை செய்யுங்கள். ஆயில் அளவை கையேடு சொல்லும் சூட்டில்தான் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் லாக்-அப் பிடிக்கும் விதத்தையே மாற்றும் மென்பொருள் திருத்தமும் வந்திருக்கும், அதையும் கேட்டுப் பாருங்கள். வடித்த ஆயில் கறுத்து, தீய்ந்த வாடையோடு, அடியில் இரும்புத் துகள் மின்னினால் மட்டும் கியர்பாக்ஸைப் பற்றிப் பேசலாம்.

ஸ்லைடிங் கதவு பாதி தூரம் மூடிவிட்டுத் திரும்பத் திறந்துகொள்கிறது. மோட்டார் இரண்டாவது முறையாக மாற்றியாகிவிட்டது.

பாவம் அந்த மோட்டார். கதவு கனத்தால் அது என்ன செய்யும்? தடை தெரிந்தால் குழந்தையின் கை மாட்டியிருக்கலாம் என்று நினைத்துக் கதவைத் திருப்பி அனுப்பும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள்.

பவர் கதவு ஸ்விட்சை அணைத்துவிட்டு, கதவைக் கையால் தள்ளிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் கனக்கிறதா? அப்படியென்றால் தண்டவாளம் அல்லது ரோலர். மேலே, நடுவே, கீழே என்று மூன்று தண்டவாளம் உண்டு. எல்லோரும் கண்ணுக்குத் தெரியும் நடுத் தண்டவாளத்தைத் துடைத்துவிட்டுக் கீழே இருப்பதை மறந்துவிடுவார்கள். குழந்தைகள் காலோடு கொண்டுவரும் மணல், பேனா மூடி, பொம்மைக் கார் சக்கரம் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். துடைத்த பிறகு கெட்டியான கிரீஸை அப்பாதீர்கள். அது தூசியைக் கூட்டிப் பசையாகிவிடும். சிலிகான் ஸ்ப்ரே போதும். கதவைத் திறந்து வைத்து, பின் ஓரத்தைப் பிடித்து மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ரோலர் தேய்ந்து கதவு தொங்கிவிட்டது; ரோலரை மாற்றாமல் எத்தனை மோட்டார் போட்டாலும் வீண்.

கையால் தள்ளும்போது வழுக்கிக்கொண்டு போகிறது, மோட்டாரில்தான் தகராறு என்றால், இழுக்கும் கம்பி இழை இழையாகப் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். கதவுக்குப் போகும் ஒயர்களையும் விடாதீர்கள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அவை மடங்கி நிமிர்கின்றன. வெளியே உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். கதவு ஒரு குறிப்பிட்ட நிலையில் இருக்கும்போது மட்டும் பூட்டோ கண்ணாடியோ வேலை செய்தால் அதுதான் காரணம்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை: கெட்டுப்போகாத கதவோடும் ஆட்கள் வருவார்கள். பல வேன்களில் பெட்ரோல் மூடி திறந்திருந்தால் அந்தப் பக்கத்துக் கதவு திறக்காது. மூடியை அழுத்தி மூடி அனுப்பிவைத்திருக்கிறேன்.

இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரி செத்துவிடுகிறது. இது மூன்றாவது பேட்டரி.

நிறுத்தி வைத்த வண்டியும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை சகஜம், நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி. அந்த வேகத்தில் 60 ஆம்பியர் மணி பேட்டரி பாதியாக 25 நாள் ஆகும். உங்களுக்கு இரண்டு நாள்தான் என்றால், பேட்டரி நல்லதாக இருக்கும் பட்சத்தில், 1 ஆம்பியர் அளவுக்கு எங்கோ கசிகிறது.

பானெட்டைத் திறந்து வையுங்கள். கதவுகளின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, மூடியிருப்பதாக வண்டியை நம்ப வையுங்கள். சாவியைத் தூரமாக வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி நடுவில் மல்டிமீட்டரைத் தொடராக மாட்டுங்கள். பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் சும்மா இருங்கள். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக நேரம் எடுக்கும்; முதல் ஐந்து நிமிட அளவைப் பார்த்துப் பயந்துதான் பலர் தேவையில்லாததைக் கழற்றுகிறார்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். அளவு இறங்கவில்லை என்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் திருடன்.

மினிவேனில் என் முதல் சந்தேகம் ஸ்லைடிங் கதவின் பூட்டுக்குள் இருக்கும் சிறிய ஸ்விட்ச். கதவு மூடியிருந்தாலும் "திறந்திருக்கிறது" என்றே அது சொல்லிக்கொண்டிருக்கும்; வண்டி தூங்கவே தூங்காது. அடுத்தது டிக்கி விளக்கு. அப்புறம், வண்டி வாங்கிய பிறகு யாரோ மாட்டிய கேமரா, டிவி திரை.

கசிவே இல்லை என்றால் உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள். பள்ளிக்கு ஐந்து நிமிடம், திரும்பி ஐந்து நிமிடம் மட்டும் ஓடினால் எந்த ஆல்டர்னேட்டரும் பேட்டரியை நிரப்பாது. முழு பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான்.

முன்னால் ஏசி ஜில்லென்று வருகிறது, பின் வரிசையில் வெறும் காற்று. வருடா வருடம் கேஸ் நிரப்புகிறோம்.

கேஸ் என்பது பெட்ரோல் போல் செலவாகும் பொருள் அல்ல. குறைகிறது என்றால் ஒழுகுகிறது. இரட்டை ஏசி உள்ள வேனில் முன்னிருந்து பின்னுக்கு நீளமான அலுமினியக் குழாய்கள் வண்டிக்கு அடியில் ஓடும். சேறும் ஈரமும் படும் இடம். குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்புக்கு அடியிலும், பின்சக்கரத்துக்கு மேலேயும் அரித்து ஊசித்துளை விழும். ஒளிரும் சாயம் கலந்து, சில நாள் ஓட்டி, புற ஊதா விளக்கில் பார்த்தால் ஒழுகும் இடம் பளிச்சென்று தெரியும். அடைத்த பிறகு வாக்குவம் போட்டு, கையேட்டில் சொன்ன எடைக்குத்தான் கேஸ் நிரப்ப வேண்டும். கூட ஊற்றினால் குளிர்ச்சி குறையும்.

கேஸ் சரியாக இருந்தும் பின்னால் மட்டும் சூடு என்றால், பின் பக்கத்துச் சூடு-குளிர் மடலைத் திருப்பும் சின்ன மோட்டாரைப் பாருங்கள். போகும் முன் "டிக் டிக்" என்று சொல்லிவிட்டுப் போகும். பின் ஃபேன் அதிகபட்ச வேகத்தில் மட்டும் ஓடுகிறதா? அது ஃபேன் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர். பல வண்டிகளில் அரை மணி நேர வேலை.

என்ஜின் மிஸ்ஃபயர். ஸ்பார்க் பிளக் எல்லாம் புதிது என்கிறார்கள். ஆனால் செக் என்ஜின் விளக்கு திரும்பத் திரும்ப எரிகிறது.

வி6, அதாவது ஆறு சிலிண்டர் என்ஜினா? அப்படியானால் "எல்லாம்" என்றால் எத்தனை என்று கேளுங்கள். மினிவேனில் என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். முன்னால் உள்ள மூன்று பிளக் கைக்கு எட்டும். பின் மூன்று முன் கண்ணாடிக்கு அடியில், என்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் கிடைக்கும். முன் மூன்றை மாற்றிவிட்டு ஆறுக்கும் பில் போட்டதை நானே ஒரு வண்டியில் கண்டுபிடித்தேன். பின்னால் இருந்தவை தொழிற்சாலையில் போட்டவை!

ஸ்கேனரில் பி0300 வந்தால் பொதுவான மிஸ்ஃபயர். பி0301 முதல் பி0306 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். அந்த சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலை இன்னொரு சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில் போய்விட்டது. பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் கவர் கேஸ்கெட்டை மாற்றாமல் புதுக் காயில் போடாதீர்கள். விளக்கு எரிவது வேறு, கண் சிமிட்டுவது வேறு. சிமிட்டினால் ஓரமாக நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் நாசமாக்கும்.

பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஆடுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டதாம். புது டிஸ்க் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டர் நன்றாக இருக்கிறது, அப்புறம் பழைய கதை.

"சில ஆயிரம் கிலோமீட்டர்" என்பதிலேயே பதில் இருக்கிறது. டிஸ்க் வளைவது அபூர்வம். டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் ஹப்பின் முகத்தில் துருவைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை மாட்டினால் அது ஒரு மயிரிழை சாய்ந்து உட்காரும். பிரேக் பிடிக்காமல் போகும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசும். அந்த இடம் மெல்ல மெல்லத் தேய்ந்து தடிமன் மாறும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு வித்தியாசம் வந்தாலே காலுக்கும் கைக்கும் தெரியும். ஹப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள், டயல் கேஜ் வைத்து ஆட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். சக்கர நட்டுகளை ஏர் கன்னால் தாறுமாறாக இறுக்கவிடாமல், டார்க் ரெஞ்சால் நட்சத்திர வரிசையில் முடுக்கச் சொல்லுங்கள். பேடை அழுத்தும் காலிப்பரின் பின்கள் தாராளமாக நகர்கின்றனவா என்றும் பார்க்கட்டும்.

வேகம் கூடக் கூட "ஊம்" என்று ஒரு சத்தம். டயரா பேரிங்கா?

ஓடும்போது ஸ்டீயரிங்கை மெதுவாக இடப்பக்கம் திருப்புங்கள். எடை வலப்பக்கம் சாயும். சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். வலப்பக்கம் திருப்பும்போது கூடினால் இடது. எப்படித் திருப்பினாலும் மாறாவிட்டால் டயரைக் கையால் தடவுங்கள், மேடுபள்ளம் தட்டுப்படும்.

சிக்னலில் நிற்கும்போது வண்டி முழுக்க அதிர்கிறது. நியூட்ரலில் போட்டால் அடங்குகிறது.

என்ஜினைத் தாங்கும் மவுண்ட். ஆயில் நிரப்பியதாக இருந்தால் ஒழுகல் தடம் தெரியும். நாலில் ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை புதியதைச் சீக்கிரம் தின்றுவிடும்.

முன் பயணி காலடியில் கார்ப்பெட் அடிக்கடி நனைகிறது.

தொட்டு முகருங்கள். வெறும் தண்ணீர் என்றால் ஏசி வடிகுழாய் அடைத்திருக்கிறது. பிசுபிசுத்து இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட்; வண்டிக்குள் சூடு தரும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. நக்கிப் பார்க்க வேண்டாம், விஷம். கூலன்ட் அளவைப் பார்க்க ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவும் வேண்டாம்.

இத்தனையும் படித்தபின் கேட்கிறேன், விற்றுத் தொலைக்கலாமா?

உடம்புச் சட்டம் துருவேறி உளுத்திருந்தால், கியர்பாக்ஸ் இரும்புத் தூள் கக்கினால், கொதித்துக் கொதித்து என்ஜின் ஹெட் வளைந்திருந்தால் விற்கலாம். கதவுக்கும் ஏசிக்கும் பயந்து விற்றால், அடுத்து வாங்கும் வேனிலும் அதே கதவும் ஏசியும்தான் இருக்கும்.

பின்னால் "டக் டக்" சத்தம். ஷாக் அப்சார்பர், லிங்க், புஷ் எல்லாம் மாற்றியும் ஆறு மாதமாகப் போகவில்லை.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஜாக்கி, ஸ்டெப்னி, மூன்றாம் வரிசை சீட்டின் கொக்கி மூன்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். சீட்டை மடக்கி வைத்து ஒரு சுற்று, நிமிர்த்திப் பூட்டி ஒரு சுற்று ஓட்டுங்கள். எங்கள் வீட்டு வேனில் இதே சத்தத்துக்கு இரண்டு மாதம் தேடி, ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டையும் மாற்றினேன். கடைசியில் பின் சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் பலகையைக் கழற்றியபோது உள்ளே ஒரு கோலிக்குண்டு உருண்டது. யார் போட்டது என்று பிள்ளைகள் இருவரையும் கேட்டேன். ஒருவரை ஒருவர் காட்டினார்கள்.