கிழிபடும் சீட்டுகள்: புற்றுநோயில் ஆர்என்ஏ, கேள்வி பதில்

குன்னூர் வாசகசாலையில் மாதம் ஒரு ஞாயிறு கேள்வி பதில் நடக்கும். இந்த முறை புற்றுநோயும் ஆர்என்ஏவும். நான் மூலக்கூறு உயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன், வைத்தியன் இல்லை. சீட்டில் எழுதி வந்தவற்றுக்கு என் பதில்கள் இவை.

டிஎன்ஏ கெட்டால் புற்றுநோய் என்று படித்திருக்கிறோம். ஆர்என்ஏ எங்கே வந்தது? (பிளஸ் டூ மாணவி, கோத்தகிரி)

எஸ்டேட் ஆபீஸ் லெட்ஜரை நினைத்துக்கொள்ளம்மா. அந்த லெட்ஜர்தான் டிஎன்ஏ, அது வெளியே வராது. அதிலிருந்து எழுதிய சீட்டுதான் ஃபேக்டரிக்குப் போகும். அந்தச் சீட்டு எம்ஆர்என்ஏ, அதைப் பார்த்துத் தயாராவது புரதம். மைக்ரோ ஆர்என்ஏ என்பது சுமார் 22 எழுத்துள்ள ஆர்என்ஏ துணுக்கு. பொருந்தும் சீட்டில் ஒட்டிக்கொண்டு அதை முடக்கும், கிழிபடவும் வைக்கும். 1993ல் விக்டர் அம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டார்கள். புழு சமாச்சாரம்தானே என்று பல வருஷம் யாரும் சட்டை செய்யவில்லை. 2024ல் நோபல் பரிசு!

அப்பாவுக்கு சிஎல்எல் ரத்தப் புற்று. ரிப்போர்ட்டில் 13ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லை என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா? (கூடலூர்)

இந்த நோயாளிகளில் பாதிப்பேருக்கு மேல் காணப்படும் இழப்பு இது. வேறு கோளாறு சேராமல் இது மட்டும் இருந்தால், பொதுவாக நோய் மெதுவாகப் போகும் வகை. உங்கள் அப்பாவின் விஷயத்தை அவரைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தத் துண்டுக்குள் ஒரு கதை உண்டு. அதில் கட்டி தடுக்கும் புரத மரபணு இருக்கும் என்று வருஷக்கணக்கில் தேடினார்கள். 2002ல் கார்லோ குரோச்சே குழு கண்டது இரண்டு மைக்ரோ ஆர்என்ஏக்களை: மிர்-15, மிர்-16. சாக வேண்டிய செல்லைச் சாகவிடாத பிசிஎல்2 புரதத்தின் சீட்டை முடக்குவது இவற்றின் வேலை. முடக்க ஆளில்லாமல் போனதும் பிசிஎல்2 குவிகிறது, கிழட்டு வெள்ளணுக்கள் ஓய்வு பெறாமல் கூட்டம் போடுகின்றன. இன்று சிஎல்எல்லுக்குக் கொடுக்கும் வெனெட்டோகிளாக்ஸ் மாத்திரை அதே பிசிஎல்2 மேல்தான் கை வைக்கிறது.

அப்படியானால் நல்ல ஆர்என்ஏ, கெட்ட ஆர்என்ஏ என்று பிரிக்கலாமா?

வேண்டாம். ஒரு மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான சீட்டுகளைத் தொடும், ஒரு சீட்டைப் பல மைக்ரோ ஆர்என்ஏக்கள் தொடும். இது வலை, வரிசை இல்லை. போலிச் சீட்டுகளும் உண்டு. பிடென் என்ற கட்டி தடுப்பு மரபணுவுக்குப் புரதம் தராத ஒரு இரட்டை இருக்கிறது. அதன் ஆர்என்ஏ, மைக்ரோ ஆர்என்ஏக்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அசல் சீட்டு தப்புகிறது என்று 2010ல் காட்டினார்கள். போலி காணாமல் போனாலும் ஆபத்து என்றாகிறது. எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது. ஆனால் உடலுக்குள் இது எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே சண்டை ஓயவில்லை.

குறைந்துபோன மைக்ரோ ஆர்என்ஏவை ஊசியாகப் போட்டால் என்ன, சார்?

போட்டுப் பார்த்தார்கள், தம்பி. மிர்-34 நகலைக் கொழுப்புக் குமிழில் அடைத்து நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். நோயெதிர்ப்பு தாறுமாறாகக் கிளம்பியதால் 2016ல் சோதனை நின்றது. வலையில் ஒரு முடிச்சை இழுத்தால் எது அசையும் என்று முன்கூட்டிச் சொல்ல நமக்கு இன்னும் தெரியாது.

கிரீன் டீ குடித்தால் இதெல்லாம் சரியாகுமாமே? (தேயிலைத் தொழிலாளி)

சோதனைத் தட்டில் வளர்த்த செல் மேல் கிரீன் டீ சத்தை ஊற்றினால் சில மைக்ரோ ஆர்என்ஏ அளவு மாறுகிறது. தட்டு வேறு, மனுஷன் வேறு. நாம் விளைவித்ததை நாமே குடிப்போம், மருந்தென்று சொல்லி விற்க வேண்டாம்.

மைக்ரோ ஆர்என்ஏ ரத்தப் பரிசோதனையில் எல்லாப் புற்றும் தெரியும் என்கிறார் ஒரு ஏஜென்ட். பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். மிர்-16, மிர்-451 இரண்டும் சிவப்பணுவில் ஏராளம். ரத்தம் எடுத்த குழாய் மலைப்பாதையில் குலுங்கி, சிவப்பணு உடைந்து, மேலே தெளியும் நீர் இளஞ்சிவப்பாகிவிட்டால் கணக்கு தலைகீழ். ஏஜென்ட்டிடம் ஒன்று கேளுங்கள்: எடுத்த எத்தனை மணி நேரத்தில் குழாயைச் சுழற்றிப் பிரிக்கிறீர்கள்? பதில் வருகிறதா பாருங்கள்.